அப்பா பெயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நியூஜெர்சியில் 19 வருடமாக இருக்கிறேன். குடியுரிமை வாங்கி, 2024-இல்தான் முதல்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தேன். அந்த வருடம் ராபர்ட் கென்னடியின் மகன், அப்பா பெயரையும் பெரியப்பா பெயரையும் சொல்லிக்கொண்டு அதிபர் வேட்பாளராகச் சுற்றிவந்ததைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஆடம்ஸ், ஹாரிசன், ரூஸ்வெல்ட், கென்னடி, புஷ், கிளிண்டன் என்று இங்கேயும் குடும்பங்கள்தான் ஆள்கின்றன. நம் ஊரைக் குறை சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது? எனக்குத் தோன்றுவது இதுதான்: மக்கள் ஒரு மந்தை. தெரிந்த பெயரைக் கண்டால் அதன் பின்னால் போய்விடுகிறார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், "அதிபரோட பிள்ளைங்க தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா என்னப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச. தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் ஜான் குவின்சி ஆடம்ஸின் நாட்குறிப்போடுதான் இருந்தேன். அமெரிக்காவின் 6-ஆவது அதிபர். 2-ஆவது அதிபரான ஜான் ஆடம்ஸின் மகன். உங்கள் பட்டியலில் முதலில் நிற்கும் பெயரும் அதுதான். அதனால் நாலு வரியில் பதில் எழுதி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "மக்கள் ஒரு மந்தை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது தம்பி. எத்தனை வருடம் காத்திருந்து, எத்தனை படிவம் நிரப்பி அந்த வாக்குரிமையை வாங்கினீர்கள்! வாக்குச்சாவடி வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் மந்தை, நடுவில் நின்ற நீங்கள் மட்டும் மனிதர் என்று எப்படி நினைக்க மனம் வந்தது? நாலு எழுத்து படித்துவிட்டால் வாக்களிக்கிறவர்களை இளக்காரமாகப் பேசுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மகள் காதுபட இதைச் சொல்லியிருந்தீர்கள் என்றால், இன்று இரவே அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள்.

நம் ஊரைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது என்று தெரிந்தால் நம் வீட்டுக்குள் சொட்டுவது நிற்காது.

ரூஸ்வெல்ட்டுகளையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். தியோடரும் பிராங்க்ளினும் பல தலைமுறைக்கு முன்பே பிரிந்துவிட்ட பங்காளிகள். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. தியோடரின் தம்பி மகள் எலினோரை பிராங்க்ளின் 1905-இல் கட்டிக்கொண்டதால் வந்த நெருக்கம்தான் அது. தியோடருக்கு அதே பெயரில் ஒரு மகன் இருந்தார். அவர் 1924-இல் நியூயார்க் கவர்னர் தேர்தலில் நின்றபோது எதிர்ப் பிரசாரம் செய்தது யார் தெரியுமா? இதே எலினோர், அவருடைய சித்தப்பா மகள். டீபாட் டோம் என்ற எண்ணெய் ஊழலை ஜனங்களுக்கு நினைவுபடுத்த, காரின் மேல் ஆவி கக்கும் பெரிய டீ பாத்திரப் பொம்மையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அப்பாவின் பெயரை அப்படியே வைத்திருந்த மகன் தோற்றார். 'மந்தை' அவர் பின்னால் போகவில்லை.

உங்களுக்கு எரிச்சலூட்டிய ராபர்ட் கென்னடி ஜூனியர் கதை மட்டும் என்ன? 2024 பிப்ரவரியில் நாடே உட்கார்ந்து பார்க்கும் சூப்பர் பவுல் என்ற கால்பந்து இறுதியாட்டத்தின் நடுவே, அவரை ஆதரித்த ஒரு குழு 1960-இல் பெரியப்பா ஜான் கென்னடிக்காகச் செய்த விளம்பரத்தையே எடுத்து, இவர் முகத்தை ஒட்டி ஒளிபரப்பியது. குடும்பத்தில் மனவருத்தம் கிளம்பி, அவர் மன்னிப்புக் கேட்டார். கூடப் பிறந்தவர்களே அவருக்கு எதிராக நின்றார்கள். ஆகஸ்டில் பிரசாரத்தை நிறுத்திக்கொண்டார். 2025-இல் சுகாதாரத் துறைச் செயலாளர் ஆனார் என்றால், அது இன்னொருவர் கூப்பிட்டுக் கொடுத்த பதவி. மக்கள் வாக்களித்துக் கொடுத்ததில்லை.

இந்த வித்தியாசத்தைத்தான் நான் ரொம்ப நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதிபராக இருந்தவரின் மகனாகவோ பேரனாகவோ பிறந்து, தாமும் அதிபரானவர்கள் அமெரிக்க வரலாற்றில் 3 பேர்தான். ஜான் குவின்சி ஆடம்ஸ், பெஞ்சமின் ஹாரிசன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ். இந்த மூன்று பேரும் முதல்முறை வெள்ளை மாளிகைக்குப் போன தேர்தல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1824. நான்கு பேர் போட்டியிட்டார்கள். மக்கள் வாக்கில் ஆண்ட்ரூ ஜாக்சன் முதலிடம், ஆடம்ஸ் இரண்டாமிடம். அங்கே அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலங்களின் சார்பில் வாக்களிக்கும் தேர்வாளர்கள். அந்தத் தேர்வாளர் வாக்கிலும் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை வராததால் விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்று எண்ணி, 24-இல் 13 மாநிலங்கள் ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தன. சபையில் அவருக்குத் துணை நின்ற ஹென்றி கிளே, பிறகு அவருடைய வெளியுறவுச் செயலாளர் ஆனார். பேரம் நடந்துவிட்டது என்று ஜாக்சன் ஆட்கள் நாலு வருடம் ஓயாமல் சொன்னார்கள்.

1888. பெஞ்சமின் ஹாரிசன், 9-ஆவது அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் பேரன். தாத்தாவின் தொப்பி பேரனுக்குப் பொருந்துகிறது என்று கட்சிக்காரர்கள் பாட்டுக் கட்டினார்கள். பெரிய தொப்பிக்குள் சின்ன மனிதர் காணாமல் போவதாகக் கேலிச்சித்திரக்காரர்கள் வரைந்தார்கள். மக்கள் வாக்கில் குரோவர் கிளீவ்லாந்துக்குச் சுமார் 90,000 அதிகம். ஆனால் தேர்வாளர் வாக்கு 233-க்கு 168 என்று ஹாரிசன் பக்கம் போனது.

2000. அல் கோருக்கு நாடு முழுவதும் சுமார் 5,40,000 வாக்குகள் அதிகம். புளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம், மறு எண்ணிக்கை, உச்ச நீதிமன்றம், கடைசியில் 271-க்கு 266 என்று புஷ் அதிபர். இது உங்களுக்கே தெரியும்.

மூன்றுக்கு மூன்று! தோற்றவரைவிடக் குறைவாக மக்கள் வாக்கு வாங்கி அதிபராவது என்பது அமெரிக்காவில் இதுவரை 5 முறைதான் நடந்திருக்கிறது. 1876-இல் ஹேஸ், 2016-இல் டிரம்ப் போக மீதி மூன்றும் இவர்கள்தான். மூன்றை வைத்துக்கொண்டு சட்டம் வகுக்க முடியாது, தற்செயலாக இருக்கலாம் என்பீர்கள். 1824-இல் 6 மாநிலங்களில் மக்கள் வாக்கே கிடையாது, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது என்பதையும் எடுத்துக்காட்டலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு அதிபரின் மகனையோ பேரனையோ, முதல்முறையாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, அமெரிக்க மக்கள் ஒருமுறைகூட அவருக்கு மற்றவரைவிட அதிக வாக்குப் போட்டதில்லை. ஒருமுறைகூட. அடுத்த தேர்தலில் ஆடம்ஸையும் ஹாரிசனையும் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். புஷ் ஒருவருக்குத்தான், அதுவும் 4 வருடம் ஆட்சியைப் பார்த்த பிறகு, 2004-இல் கொடுத்தார்கள். அந்த மக்களையா மந்தை என்கிறீர்கள்?

ஹிலாரி கிளிண்டனை மறைக்க மாட்டேன். 2016-இல் ஒரு முன்னாள் அதிபரின் மனைவிக்கு டிரம்பைவிடச் சுமார் 28 லட்சம் வாக்கு அதிகம் விழுந்தது. என் வாதத்துக்கு அது இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் அவர் 8 வருடம் செனட்டர், 4 வருடம் வெளியுறவுச் செயலாளர். 2008-இல் அதே பெயரோடு வந்தபோது, சில வருடம் முன்புவரை நாட்டில் அதிகம் பேர் கேட்டிராத ஒரு பெயர்க்காரரான ஒபாமாவை அவருடைய கட்சி வாக்காளர்களே தேர்ந்தெடுத்தார்கள்.

பெயர் ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையச் செய்கிறது. ஆனால் அது வேலை செய்கிற இடம் வாக்குப்பெட்டிக்கு ரொம்ப முன்னால் இருக்கிறது. யாருக்குப் பணம் திரளும், யார் கூப்பிட்டால் மாநிலக் கவர்னர்கள் போனை எடுப்பார்கள், யாரைப் பற்றிப் பத்திரிகை முதலில் எழுதும் என்பதெல்லாம் அங்கே முடிவாகிவிடும். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1999-இன் முதல் பாதியிலேயே, ஒரு வாக்குகூட விழாத காலத்தில், 3.5 கோடி டாலருக்கு மேல் திரட்டிவிட்டார். அதைப் பார்த்தே சிலர் போட்டியைவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் 2000 நவம்பரில் வாக்காளருக்கு முன்னால் இருந்தது என்ன? ஒரு பக்கம் அதிபரின் மகன் புஷ். மறுபக்கம் டென்னசி செனட்டர் ஆல்பர்ட் கோரின் மகன் அல் கோர். 1980 முதல் 2004 வரை 7 தேர்தல்கள், அந்த ஏழிலும் வென்ற அதிபர், துணை அதிபர் ஜோடியில் ஒரு புஷ்ஷோ ஒரு கிளிண்டனோ இருந்தார்கள். இலையில் பரிமாறியது ஒரே கறியாக இருந்தால் சாப்பிட்டவனையா திட்டுவது?

இதைவிட அப்பட்டமாகப் பார்க்க வேண்டுமா? 1962-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட் தேர்தலுக்குப் போங்கள். ஜான் கென்னடி அதிபரானதும் அவருடைய செனட் இடம் காலியானது. கடைசித் தம்பி டெட்டுக்கு அப்போது 28 வயது. செனட்டுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை இடத்தைப் பார்த்துக்கொள்ள, அதிபரோடு கல்லூரி விடுதி அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருவரை அங்கே உட்காரவைத்தார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. 1962-இல் டெட்டுக்கு 30 ஆனது, களத்தில் இறங்கினார்.

கட்சி வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்களே வாக்களித்து முடிவுசெய்யும் பிரைமரி தேர்தலில் எதிர்த்தவர் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் மெக்கார்மக். தெற்குப் பாஸ்டனில் ஒரு பள்ளி அரங்கத்தில் விவாதம். டெட்டின் முழுப்பெயர் எட்வர்ட் மூர் கென்னடி. மெக்கார்மக் விரலை நீட்டிச் சொன்னார்: உங்கள் பெயர் வெறும் எட்வர்ட் மூர் என்று மட்டும் இருந்திருந்தால், நீங்கள் வேட்பாளராக நிற்பதே ஒரு நகைச்சுவையாக இருந்திருக்கும். அதைக் கேட்டு டெட்டின் முகம் வெளுத்துப்போனது. மெக்கார்மக் சொன்னது முழு உண்மை. ஆனால் சொன்னவர் யார்? பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஜான் மெக்கார்மக்கின் தம்பி மகன். நவம்பரில் குடியரசுக் கட்சி நிறுத்திய ஜார்ஜ் லாட்ஜ் யார்? 1952-இல் இதே இடத்தை ஜான் கென்னடியிடம் பறிகொடுத்த செனட்டரின் மகன். 1916-இல் கென்னடியின் அம்மாவழித் தாத்தாவைத் தோற்கடித்த இன்னொரு லாட்ஜின் கொள்ளுப்பேரன். சுயேச்சையாக நின்ற ஸ்டூவர்ட் ஹியூஸ்? 1916-இல் அதிபர் தேர்தலில் வில்சனிடம் தோற்று, பிறகு தலைமை நீதிபதியான சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் பேரன். வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிய ஒரு மீனவரோ மில் தொழிலாளியோ, பெயருக்கு வாக்களிக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தால் எங்கே முத்திரை குத்தியிருப்பார்?

அதனால்தான் சொல்கிறேன், திட்ட வேண்டும் என்றால் சீட்டுக் கொடுக்கிறவர்களைத் திட்டுங்கள். பணம் கொடுக்கிறவர்களைத் திட்டுங்கள். மக்களுக்கு நிஜமாகவே தேர்ந்தெடுக்க ஆள் கிடைத்த இடங்களில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது 2016-இல் ஜெப் புஷ் விஷயத்தில் தெரிந்தது. அப்பா அதிபர், அண்ணன் அதிபர், தாமும் 8 வருடம் புளோரிடா கவர்னர். அவரை ஆதரித்த குழு ஒன்று 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அம்மா பார்பரா புஷ் மட்டும், 2013-இலேயே, போதுமான அளவு புஷ்களைப் பார்த்துவிட்டோம் என்று டிவியில் சொன்னார். பெற்ற தாய்க்குத் தெரிந்தது கட்சிப் பெரியவர்களுக்குத் தெரியவில்லை. பிரசாரத் தட்டியில் 'ஜெப்' என்றும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும்தான் இருந்தன, புஷ் என்ற சொல்லையே காணோம். அயோவா, நியூ ஹாம்ப்ஷையர், சவுத் கரோலினா என்று மூன்று மாநிலங்கள், வேட்பாளரை முடிவுசெய்யும் கட்சி மாநாட்டுக்கு அவர் பக்கம் கிடைத்தது மொத்தம் 4 பிரதிநிதிகள். பிப்ரவரி 20-ஆம் தேதி இரவு விலகிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவரை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டேன்.

ஏன் அணைத்தேன் என்றால், இந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபத்தோடு ஒரு வலியும் வரும். அது சொந்த வலி.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் அப்பா அதே பள்ளியில் தலைமையாசிரியர். பேச்சுப்போட்டியில் எனக்கு முதல் பரிசு, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நான் மேடையேறுவதற்கு முன் பெயர் எழுதிக்கொண்டிருந்த நடுவர், பக்கத்தில் இருந்தவரிடம் "ஹெச்.எம். பொண்ணா?" என்று கேட்டார். அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் பேசிய பெண், தாவணி முந்தியைத் திருகிக்கொண்டே பேசியவள், ஒரு இடத்திலும் தடுக்காமல் பேசினாள். நான் இரண்டு இடத்தில் தடுக்கினேன். நான் நிஜமாகவே ஜெயித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கேட்க தைரியம் வரவில்லை, அவரும் இப்போது இல்லை. டிபன் பாக்ஸ் இருக்கிறது. அதில் புளி போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவள் முகம் வந்துபோகும்.

2016 அக்டோபரில் பாஸ்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, ரெட் லைன் ரயில் பிடித்துக் குவின்சிக்குப் போனோம். ஆடம்ஸ்களின் ஊர். அப்பா பிறந்த வீடும் மகன் பிறந்த வீடும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, நடுவில் 75 அடிதான். இரண்டும் மரப்பலகை வீடுகள், பின்பக்கக் கூரை தாழ்ந்து இறங்கும். நான் ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நடந்து பார்த்தேன். அந்தத் தூரத்தைத் தாண்ட அந்த மகனுக்கு 60 வருடத்துக்கு மேல் ஆனது.

பத்து வயதில் அப்பாவோடு கப்பலேறி ஐரோப்பா போன பையன் அவர். 1778-இல் அம்மா அபிகேல் எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். நீ ஒழுக்கங்கெட்ட பிள்ளையாக, உருப்படாத பிள்ளையாக வளர்வதைப் பார்ப்பதைவிட, நீ கடந்துபோன கடலிலேயே உனக்குச் சமாதி அமைந்திருந்தால் மேல் என்று எழுதுகிறார். பத்து வயதுப் பிள்ளைக்கு! அபிகேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஒரு தாயாக இந்த வரியை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1794-இல் அப்பா எழுதினார்: உனக்கு வாய்த்த வசதிகளோடு, நீ உன் தொழிலில் மட்டும் இல்லை, நாட்டுக்கே தலையாக வரவில்லை என்றால், அதற்குக் காரணம் உன் சோம்பலும் ஒழுங்கீனமும் பிடிவாதமும்தான். தம்பி சார்லஸ் குடித்தே 1800-இல் செத்துப்போனார். அடுத்த தலைமுறையும் தப்பவில்லை. குவின்சி ஆடம்ஸின் மூத்த மகன் ஜார்ஜ் 1829-இல், 28 வயதில், நீராவிக் கப்பலிலிருந்து கடலில் போய்விட்டார். இரண்டாவது மகனும் 31 வயதில் இறந்துபோனார். பெயர் சோறும் போடும், கழுத்தையும் நெரிக்கும்.

ஹாரிசன் குடும்பத்தில் நடுவில் ஒருவர் இருக்கிறார், ஜான் ஸ்காட் ஹாரிசன். ஓர் அதிபருக்கு மகனும் இன்னோர் அதிபருக்கு அப்பாவுமாக இருந்த ஒரே மனிதர். 1878-இல் இறந்து ஓஹையோவில் புதைத்தார்கள். மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிணம் திருடி விற்ற காலம் அது. காணாமல்போன வேறொருவரின் உடலைத் தேடி சின்சினாட்டியில் ஒரு கல்லூரிக்குப் போன அவருடைய சொந்த மகன், கயிற்றில் தொங்கிய உடலின் முகத்துணியை விலக்கிப் பார்த்தால், அது அப்பா. பத்து வருடம் கழித்து ஊரெல்லாம் தாத்தாவின் தொப்பியைப் பாடியது. நடுவில் இருந்தவரைப் பற்றி யாரும் பாடவில்லை.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் மகளின் கேள்வி. பதவியில் இருப்பவர் உறவினரை நியமிக்கக் கூடாது என்று 1967-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஜான் கென்னடி தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரல் ஆக்கியதற்குப் பிறகு வந்த சட்டம் அது. நியமனத்துக்கு அது சரி. தேர்தலுக்கு வேண்டாம் என்பேன். அதற்கு எனக்கு இருக்கும் காரணம், நான் மேலே அவ்வளவு திட்டிய அதே டெட் கென்னடி.

1965 வரை அமெரிக்காவில் குடியேற்றம் எந்த நாட்டில் பிறந்தவர் என்ற ஒதுக்கீட்டுக் கணக்கில் ஓடியது. 1946-இல் போட்ட சட்டப்படி இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர். நூறே நூறு. 1965-இல் அந்த ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டத்தை செனட்டில் முன்னின்று நடத்திக் கரையேற்றியவர், பெயருக்காகவே சீட்டு வாங்கிய அந்த டெட். வயது 33. நீங்கள் இன்று நியூஜெர்சியில் வீடு வாங்கி, மகளைப் பள்ளிக்கு அனுப்பி, எனக்கு இந்தக் கடிதம் எழுதுவதற்கும் அந்தச் சட்டம்தான் வழிவிட்டது. அவர் செனட்டில் சாகும்வரை, ஏறக்குறைய 47 வருடம் இருந்தார். அதிபராக வேண்டும் என்று 1980-இல் கார்ட்டரை எதிர்த்து வந்தபோது கட்சி வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். சாப்பாகுவிடிக் பாலத்தில் அவர் ஓட்டிய கார் கவிழ்ந்து ஒரு இளம்பெண் செத்ததை அவர்கள் மறக்கவில்லை. செனட்டுக்கு நீ போதும், அதற்கு மேல் வேண்டாம் என்று அளந்து வைத்தார்கள். வாசலில் சட்டத்தைப் போட்டு மூடியிருந்தால் இந்த அளவு எப்படித் தெரிந்திருக்கும்? மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்னோடு சண்டைபோட்டு அவளையே ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் பதில் போடுவேன்.

குவின்சியில் அன்று கடைசியாகக் கருங்கல் தேவாலயத்துக்குப் போனோம். அதன் அடியில் சின்ன நிலவறை. நான்கு கல்பெட்டிகள். அப்பா, அம்மா, மகன், மருமகள். குனிந்துதான் நிற்க வேண்டியிருந்தது. என் மகள், "இங்கயும் அப்பா பக்கத்துலயேதான் இருக்காரு பாவம்" என்றாள்.

அப்போது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இந்த வாரம்தான் அது மாறியது. 1828-இல் ஜாக்சனிடம் தோற்று, குவின்சி ஆடம்ஸ் ஊருக்குத் திரும்பினார். 1830-இல் உள்ளூர்க்காரர்கள் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். அதிபராக இருந்தவர் ஒரு தொகுதி உறுப்பினராகப் போவது கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் எல்லாருக்கும் வருத்தம். அவர் சொன்னார்: மக்கள் தேர்ந்தெடுத்தால், ஒரு முன்னாள் அதிபர் தன் ஊரின் பஞ்சாயத்து வேலையைப் பார்த்தால்கூட அது இழிவில்லை.

நின்றார். அவருக்கு வயது 63. அப்பா இறந்து 4 வருடம் ஆகியிருந்தது. கையில் பதவி இல்லை, கொடுக்க ஒன்றும் இல்லை. பிளிமத் தொகுதியின் விவசாயிகளும் மீனவர்களும் பெரும்பான்மை வாக்கில் அவரை ஜெயிக்கவைத்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் நாட்குறிப்பில் எழுதுகிறார்: எனக்குக் கிடைத்த எந்தத் தேர்தலும் எந்த நியமனமும் எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை. அதிபராகத் தேர்வானது இதில் பாதிகூட என் உள்மனதுக்கு இனிக்கவில்லை.

அந்த வரியை நான் படித்தது செவ்வாய்க்கிழமை இரவு. படித்துவிட்டு ரொம்ப நேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை காலையில் உங்கள் கடிதம் வந்தது.

அன்புடன்.